தொட்டியோரம் நின்றவள்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. யார் என்ன சொன்னார்கள் என்பது காதில் அப்படியே நிற்கும். எங்கே நின்று சொன்னார்கள் என்பது நிற்காது. கதவு வலப்பக்கம் இருந்ததா இடப்பக்கமா, மேடத்தின் அறைக்கு ஜன்னல் உண்டா என்று யாராவது கேட்டால் ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பேன். பாதி நேரம் அது தப்பாகத்தான் இருக்கும். ஆகவே இதில் வரும் அறைகளை முழுக்க நம்ப வேண்டாம். பேச்சை நம்பலாம்.

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளை நீந்தவைப்பது அப்போது என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள். இடுப்பு உயரத்தில் பெரிய வட்டத் தொட்டி. தண்ணீரில் வெள்ளைப் பொடியைக் கலந்து பால் மாதிரி ஆக்கிவிடுவோம். அந்தப் பாலுக்குள், மேலே தெரியாமல், உள்ளங்கை அகலத்தில் ஒரு மேடை. எலியைத் தொட்டியின் ஓரத்தில் இறக்கிவிட்டால் அது நீந்திக்கொண்டே கால் வைக்க இடம் தேடும். சுற்றிலும் தொங்கும் திரையில் நட்சத்திரம், வட்டம், பெருக்கல் குறி, பட்டைக் கோடு என்று நான்கு உருவங்கள். அவற்றைப் பார்த்து, ‘மேடை இன்ன இடத்தில்’ என்று எலி மனத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்ட எலி சில நாட்களில், எங்கே இறக்கிவிட்டாலும், விட்ட கையோடு நேரே போய் ஏறி நின்று மீசையைத் துடைக்கும். பிடிக்காத எலி சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வரும். நேரம் முடிந்ததும் அதை நான் கையால் தள்ளிக்கொண்டு போய் மேடையில் சேர்க்க வேண்டும். கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்து நாலா பக்கமும் பார்க்க விட்டு, துண்டால் துடைத்து, வெப்ப விளக்கின் கீழே வைக்க வேண்டும்.

ஆராய்ச்சியை நடத்தியவரை எல்லோரும் மேடம் என்போம். அவர் கேட்ட கேள்வி இது: மூளை உருவாகும் நாட்களில், எந்தச் செல் எங்கே போய் அமர வேண்டும், எந்தக் கிளை எதைத் தொட வேண்டும் என்று உடம்பு சின்னச் சின்ன மூலக்கூறுகளை அனுப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவற்றில் ஒன்று தைராய்டு சுரப்பியிலிருந்து வருகிறது. வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த புதிதிலும் அந்தச் செய்தி வராமல் போன எலி, வளர்ந்த பிறகு எதைக் கற்கும், எதை மறக்கும்?

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மேடம் இப்படித்தான் விளக்குவார்.

“வீடு கட்டும்போது வயரைச் சுவருக்குள்ள போட்டுடணும். பூசி முடிச்சதுக்கு அப்புறம் கரண்டுக்காரர் வந்தார்னு வை, விளக்கு எரியும். ஆனா வயர் வெளியில தொங்கும்.”

எங்களிடம் கணினியும் கேமராவும் பார்த்துக்கொண்ட பையனுக்கு, எப்போதும் கழுத்தில் நாலு கேபிள் கிடப்பதால், வயர் என்றே பெயர்.

“தொங்குறதுன்னதும் ஏன் மேடம் எல்லாரும் என்னையே பார்க்கறாங்க?” என்பான்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்குள் மட்டும் ஏதோ ஒன்று சுருண்டு படுத்துக்கொள்ளும். ஏனென்றால் சுவர் பூசிய பிறகு கரண்டுக்காரர் வந்த வீடு நான்.

நான் பிறந்தபோது அழவே இல்லையாம். பசிக்குக்கூட அழ மாட்டேனாம். பால் கொடுத்தால் குடித்துவிட்டு, போட்ட இடத்தில் கிடந்து தூங்குவேனாம். எதிர்வீட்டுக்காரி தன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தூக்கமில்லாமல் நடப்பதைப் பார்த்து, “என் பொண்ணு இருக்கறதே தெரியாது, அவ்வளவு தங்கம்” என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஒருவரிடம் அல்ல, பலரிடம். பெருமையாக. மூன்று மாதம் கழித்து வேறு எதற்கோ பார்த்த டாக்டர் என் நாக்கையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏம்மா இவ்வளவு நாள் கூட்டிட்டு வரல?” என்று கேட்டார். எனக்கு அந்தச் சுரப்பியே வளரவில்லை. அன்றிலிருந்து மாத்திரை.

மாத்திரை போடுவதில் எனக்கு வெட்கமில்லை. தெருவில் பாதிப் பேர் அதைப் போடுகிறார்கள். நான் படித்தேன், பாஸ் ஆனேன், வேலைக்கு வந்தேன். விளக்கு எரிகிறது. ஆனால் இடம் மட்டும் எனக்குள் நிற்காது. ஒரு முறை போன வீட்டுக்கு இன்னொரு முறை தனியாகப் போக முடியாது. கடைக்குள் நுழைந்து வெளியே வந்தால், எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்று தெரியாது. தினமும் போகும் வழியில் அடையாளங்களைக் கோர்த்து வைத்திருப்பேன்: பச்சை ஷட்டர், உடைந்த விளக்குக் கம்பம், பல் டாக்டர் போர்டு. ஒரு நாள் பச்சை ஷட்டருக்குச் சாம்பல் வண்ணம் அடித்துவிட்டார்கள். அன்று வேலைக்குப் பாதி நாள் தாமதம். வயிற்றுவலி என்றேன்.

கூட வேலை செய்பவர்கள் வீட்டு விசேஷங்களுக்குக் கூப்பிட்டால் எனக்குக் காய்ச்சல் வரும். “அக்காவுக்கு லீவு நாள்ல மட்டும் காய்ச்சல் வர்ற வியாதி” என்பான் வயர். இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்தால்கூடப் பரவாயில்லை. வழி தெரியாதவள் என்று தெரியக் கூடாது. அதுவும் இந்த இடத்தில், ஒவ்வொரு நாளும் சுவரை ஒட்டிச் சுற்றும் எலிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் இடத்தில், கண்டிப்பாகத் தெரியக் கூடாது.

எந்த எலி எந்தக் கூட்டம், செய்தி கிடைத்ததா கிடைக்காததா என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லவே தேவையில்லை. தண்ணீரில் விட்டதும் அது திரும்பும் விதத்திலேயே தெரிந்துவிடும். நான் பேருந்திலிருந்து இறங்கியதும் அப்படித்தான் திரும்புவேன்.

ஆராய்ச்சிக்கூடத்தைப் புதிய கட்டடத்துக்கு மாற்றியபோது சிக்கல் தொடங்கியது. எல்லாத் தாழ்வாரமும் ஒரே வெள்ளை, எல்லாக் கதவும் ஒரே சாம்பல். முதல் வாரம் அம்மா கூடவே வந்தாள். தையல் வேலை செய்கிறவள் என்பதால், எங்கள் தொட்டி அறைக்குத் திரை தைத்துத் தருவதாகத் தானே பேசிக்கொண்டு, அளவெடுக்கிறேன், கொக்கி மாட்டுகிறேன், ஓரம் அடிக்கிறேன் என்று தினமும் ஒரு சாக்கு. எனக்கு முன்னால் நடந்து, மூலைக்கு மூலை நின்று, நான் வருகிறேனா என்று பார்ப்பாள்.

“அம்மா, நீங்க அக்காவுக்குப் பாதுகாப்புப் படையா?” என்று வயர் கேட்டான்.

“ஆமாப்பா. சம்பளம்தான் தர மாட்டேங்கறா.”

திரையில் நட்சத்திரத்தை, மேடம் கேட்ட அளவைவிடப் பெரிதாகவே அம்மா வெட்டித் தைத்திருந்தாள். “எலிக்கு இவ்வளவு பெருசு வேணுமாம்மா?” என்று மேடம் கேட்டதற்கு, “கண்ணு மங்கின எலியும் இருக்கும் இல்லையா” என்றாள். அது எந்த எலிக்காக என்று எனக்குத் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரைக் கலக்கினேன்.

நட்சத்திரம் எனக்கு உதவவில்லை. மேடை நட்சத்திரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் என்று யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். நானும் வாயால் சொல்லுவேன். ஆனால் எலியை இறக்கிவிடத் தொட்டியைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனதும், அந்தச் சொற்கள் எந்தப் பக்கத்தோடும் ஒட்டாமல் நிற்கும். பால் எல்லா இடத்திலும் ஒரே பால். எலி தோற்றால் அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் பொடி கலக்கும் முன், தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே, மேடைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் தொட்டி விளிம்பில் என் நீலத் துண்டைப் போட்டுவிடுவேன். எலியை எங்கிருந்து இறக்கிவிட்டாலும் உடனே துண்டிடம் வந்து நின்றுகொள்வேன். எலியை விட்டதும் மூலையில் உள்ள மரத் தடுப்புக்குப் பின்னால் போய்விட வேண்டும் என்பது விதி. போகவில்லை. தடுப்புக்குப் பின்னால் போனால் திரும்பி வரும்போது தொட்டி எனக்குப் புதிதாகிவிடும். கேமரா கூரையிலிருந்து தண்ணீரை மட்டும்தான் பார்த்தது. நான் எங்கே நிற்கிறேன் என்பது பக்கத்து அறையில் இருந்த வயருக்குத் தெரியாது. மேடம் அந்த நாட்களில் பெரிய மாநாட்டுக்காக எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த முறை ஆய்வில் ஒரு புது விஷயம் இருந்தது. அந்தச் செய்தி கிடைக்காமல் பிறந்த எலிகளை, வளர்ந்த பிறகு, சக்கரமும் குழாயும் ஏணியும் நிறைந்த பெரிய கூண்டுகளில் வளர்த்தார்கள். சின்ன வயதில் தவறிப்போனதைப் பெரிய வயதில் ஈடுகட்ட முடியுமா என்று பார்க்க. மேடத்துக்கே பெரிய நம்பிக்கை இல்லை.

எலிகள் கற்றன. சுவரை ஒட்டி நீந்தியவை மெல்ல மெல்ல நடுவில் இறங்கின. பிறகு நேராக வந்தன. கணினித் திரையில் அவை நீந்திய கோடுகளைப் பார்த்த மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“ஏம்மா, இதுங்களா இது? ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே தெரியலையே!”

எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. என் கண் எதிரே அவை என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. அதை நான் மேடையை நோக்கி வருவதாகவே பார்த்தேன். இப்போது நினைத்தாலும் இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மறைக்க வேண்டும் என்ற நினைப்பு ஒருவரை எவ்வளவு குருடாக்கிவிடும்.

அன்று அம்மா பிய்ந்துபோன கொக்கி ஒன்றைத் தைக்க வந்திருந்தாள். மேடம் அவளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“பாருங்கம்மா. மூளைக்கு வர வேண்டிய நேரத்துல வர வேண்டியது வரல. ஆனாலும் கத்துக்கிச்சு. இனிமே ‘லேட்டாயிடுச்சே’ன்னு எந்தத் தாயும் அழ வேண்டாம்.”

அம்மா திரையில் இருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “எலிதானே மேடம்” என்றாள் கடைசியில். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“பாப்பா, அப்ப உனக்கும் வருமா?”

“என்னது?”

“சக்கரம், ஏணின்னு என்னமோ சொன்னாங்களே. நம்மகிட்ட ஏணி இல்ல. தினமும் ஒரு புதுத் தெருவுல நடந்து பார்க்கலாமா?”

எனக்கு முப்பத்து நாலு வயது. மாலையில் அம்மாவின் கையைப் பிடிக்காத குறையாகத் தெருத் தெருவாக நடந்தேன். அவள் பின்னால் வருவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், நான் தப்பான பக்கம் திரும்பினால் தொண்டையைச் செருமுவாள். “பரவாயில்ல, எலிக்கே நாளாச்சு” என்பாள். அந்த நாட்களில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்; அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரி விஷயத்தை, என் அமைதியைப் பற்றிப் பெருமை பேசியதை, அவள் எத்தனை காலமாக நெஞ்சில் கட்டிச் சுமந்தாள் என்று அந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் உறைத்தது.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. மேடையை எடுத்துவிட்டு எலிகளை விட வேண்டும். இடத்தை உண்மையிலேயே கற்ற எலி, மேடை இருந்த இடத்துக்குப் போய் அங்கேயே வட்டமிட்டுத் தேடும். கொண்டுபோய்ச் சேர்க்க மேடை இல்லாததால் அன்று எனக்குத் துண்டு தேவைப்படவில்லை. நிம்மதியாக விதிப்படி தடுப்பிடம் போனேன். அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டு, ஓரமாகத் தலையை நீட்டி நின்று வேடிக்கை பார்த்தேன்.

எலிகள் தடுப்பின் பக்கம் வந்தன. மேடை இருந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் அது. அங்கே சுவரில் முன்னங்காலை வைத்து, மூக்கைத் தூக்கி, என்னைப் பார்த்தன.

எனக்கு அப்போதும் புரியவில்லை. எது எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தானே புரிவதற்கு.

மறுநாள் காலை மேடம் என்னையும் வயரையும் கூப்பிட்டார். கணினித் திரையில் தொட்டியின் வட்டம். அதில் கோடுகள் எல்லாம் ஒரு பக்கம் குவிந்திருந்தன.

“தலைகீழா இருக்கு. மேடை இருந்தது இங்க. இதுங்க எல்லாம் தேடினது அங்க. வயர், கேமராவைக் கழட்டினியா?”

“லென்ஸ்ல ஆவி படிஞ்சிருந்தது மேடம். சோதனைக்கு முன்னாடி ஒரு தடவை துடைச்சேன். அப்புறமும் ஒரு தடவை.”

“முன்னாடி துடைச்சப்ப தலைகீழா மாட்டியிருக்க. அப்புறம் துடைச்சப்ப நேராயிருக்கு.”

அவன் கேபிளைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றினான். “அப்படித் தோணல மேடம்.”

“வேற எப்படிடா இப்படி வரும்? படத்தைத் திருப்பினா எல்லாம் கச்சிதமாப் பொருந்துதே. பாரு.” திருப்பிக் காட்டினார். பொருந்தியது. “மாநாட்டுல போய் நான் என்ன சொல்றது? எங்க பையன் கேமராவைத் தலைகீழா மாட்டிட்டான்னா?”

அவன் வெகுநேரம் திரையைப் பார்த்தான். “மாட்டியிருப்பேன் மேடம்” என்றான். “ஆமா. ஸ்க்ரூ மாட்டும்போது ஒரு மாதிரி இடிச்சது. நான்தான்.”

“எழுதிக் கொடு. உன் தப்புன்னு. திருத்திட்டோம்னு குறிப்பு போடணும். அடுத்த வருஷம் உன்னை வெச்சுக்கறதைப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

அப்போதுதான், அந்தக் குவிந்த கோடுகளைப் பார்த்தபோதுதான், எனக்குத் தெரிந்தது. கேமரா சரியாகத்தான் இருந்தது. எலிகள் மேடையைத் தேடவில்லை. அவை என்னைத் தேடின. மேடம் பலமுறை சொல்லியிருக்கிறார்: மேடைமேல் ஒரு கொடியை நட்டுவிட்டால் எந்த எலியும் கொடியைப் பார்த்து வந்துவிடும், அது இடத்தின் நினைவல்ல, அதற்கு மூளையின் வேறொரு பகுதி போதும். நீலத் துண்டோடு நான் கொடியாக நின்றிருக்கிறேன். அவை எதையும் ஈடுகட்டவில்லை. என்னைப் போலவே, பச்சை ஷட்டரைப் பார்த்து வீடு வந்தவை.

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மேடத்தின் முகத்தைப் பார்த்தேன், வயரின் கையைப் பார்த்தேன். “கொக்கி தைக்க அம்மா வந்திருக்காங்க, பார்த்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா தாழ்வாரத்து நாற்காலியில் திரையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். நூல் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மா, எலி ஒண்ணும் கத்துக்கல.”

ஊசி நின்றது.

“நான் நிக்கற இடத்தைப் பார்த்து வந்திருக்கு. அவ்வளவுதான்.”

“நீ ஏன் அங்க நின்ன?”

கேட்டாளே தவிர, அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. ஊசியைத் துணியில் குத்தினாள், எடுத்தாள், மறுபடி அதே இடத்தில் குத்தினாள்.

“அப்ப சரியாகாதா?”

“தெரியலம்மா. இதை வெச்சுச் சொல்ல முடியாது.”

“உள்ள சொல்லிட்டியா?”

“இல்ல. கேமராவை மாத்தி மாட்டினதா அந்தப் பையன் ஒத்துக்கிட்டான்.”

“அவன் மாட்டலையே?”

“இல்ல.”

அம்மா திரையை மடித்து என் மடியில் வைத்தாள். எழுந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்தேன்.

“வேண்டாம்மா. நான் சொல்லிக்கறேன். நாளைக்கு.”

“நாளைக்கு நீ சொல்ல மாட்ட பாப்பா.”

“அம்மா, மானம் போயிடும்.”

“போகட்டும்” என்றாள். “உன்னுது இல்ல. என்னுது.”

பிடித்த கையை நான் இழுத்தேன். பலமாகவே இழுத்தேன், சின்னக் குழந்தை கடைவாசலில் இழுப்பது போல. அவள் விரலை விடுவித்துக்கொண்டு கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். போகாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சு என் காதில் விழுந்திருக்காது.

“மேடம், தம்பி ஒண்ணும் பண்ணல” என்றாள் அம்மா. “இவளுக்கு இடம் நிக்காது. சின்ன வயசுலேர்ந்து. மேடை எங்கன்னு மறந்துடக் கூடாதுன்னு அது பக்கத்துலயே நின்னிருக்கா. எலி இவளைப் பார்த்து வந்திருக்கு.”

மேடம் புரியாமல் என்னைப் பார்த்தார்.

“பிறந்தப்ப இவளுக்கு அந்தச் சுரப்பி இல்ல மேடம். நீங்க சொல்ற அதேதான். அழாத குழந்தை. நான் ரொம்ப நல்ல குழந்தைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். டாக்டர்கிட்ட போகல. பெருமைப்பட்டுக்கிட்டே இருந்தேன்.”

பிறகு மேடம் கேட்டார். அவர் கேட்டது இதுதான், ஒரு சொல்கூட மாற்றவில்லை:

“எத்தனையாவது மாசத்துல மாத்திரை ஆரம்பிச்சீங்க?”

“மூணு முடிஞ்சு.”

மேடத்தின் கை தன்னாலே மேசைமேல் பேனாவைத் தேடிப் போனது. தொட்டும்விட்டது. பிறகு தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டார். காது வரை சிவந்துவிட்டார்.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றார்.

வயர் மெதுவாகச் சொன்னான். “அக்கா, நான் நிஜமாவே மாட்டினதா நம்பிட்டேன். ஸ்க்ரூ இடிச்சது எல்லாம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு. இப்ப பார்த்தா அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல.” சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

மேடம் ஆராய்ச்சிக்காரர். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் எழுதிவிட மாட்டார். அதில் தப்பில்லை. “எங்க நின்னேன்னு ஒரு தடவை காட்டிடு. தடுப்புலேர்ந்து எவ்வளவு தூரம்னு பார்த்துக்கணும்” என்றார் தயக்கத்துடன்.

எல்லோரும் தொட்டி அறைக்குப் போனோம். முந்தின நாள் கலக்கிய பால் அப்படியே இருந்தது. மேடை எடுத்தாகிவிட்டது. துண்டு தடுப்பின்மேல் கிடந்தது. ஒரு பக்கத்துத் திரை அம்மா தைப்பதற்காகக் கழற்றப்பட்டு, என் கையில்தான் இருந்தது, நட்சத்திரம் உள்பட.

விளிம்பில் கைவைத்து நடந்தேன். வட்டம் எங்கே, கோடு எங்கே என்று பார்த்தேன். இங்கேதான் என்று ஓரிடத்தில் நின்றேன். இல்லை என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் நடந்தேன். எத்தனையோ நாட்கள், காலையிலிருந்து மாலைவரை நான் நின்ற இடம். கால் கடுத்த இடம். தொட்டியை முழுதாகச் சுற்றி வந்துவிட்டேன் என்பது, தொடங்கிய இடத்தில் நின்றிருந்த வயர் விலகி எனக்கு வழி விட்டபோதுதான் தெரிந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி சுற்றினேன். சுவரை ஒட்டியே.

“போதும்மா” என்றார் மேடம். “போதும். புரியுது.”

அம்மா கதவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

மாநாட்டில் மேடம் அந்த முடிவைச் சொல்லவில்லை. புதிய எலிகளோடு எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள். தொட்டியருகே வேறொருவர் நின்று, விதிப்படி தடுப்புக்குப் பின்னால் போனார். செய்தி கிடைக்காமல் பிறந்த எலிகள் பெரிய கூண்டில் வளர்ந்தும் இடத்தைச் சரியாகக் கற்கவில்லை. சும்மா வளர்ந்தவற்றைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மேடம் அதை அப்படியே எழுதி வெளியிட்டார். முதல் தொகுதி எலிகளை வழக்கப்படி கொன்று மூளையை எடுத்துச் சீவி வைத்தார்கள். சீவும் வேலைக்கு என்னை மாற்றினார்கள்; ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்வது. இன்றும் அதைத்தான் செய்கிறேன். வயரிடம் மேடம் எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். அவன் ஒரு வருடம் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போனான், கல்யாணமாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதால் தைப்பதில்லை. அவள் பாத்திரம் கழுவும்போது பாடுவதில்லை. மாலை நடை அன்றோடு நின்றுபோனது. எனக்குத் தெரியாத இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் யாரையாவது கேட்டுக்கொண்டு போகிறேன். கேட்கும்போது இன்னும் கூசுகிறது.